சத்தம் பிறக்கும் சக்கரம்



1901ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். வியன்னாவில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் ராட்சத ராட்டினத்தின் வடிவமைப்பில் பங்கெடுத்தவர் அவர். அவருடைய இயந்திரம் வீட்டு வாசலுக்குள் நுழையக்கூடியது அல்ல. பெட்ரோல் எஞ்சினும் பிஸ்டன் பம்பும் ஏற்றிய வண்டியைக் குதிரை இழுத்துவரும். வண்டி தெருவிலேயே நிற்கும். நீளமான குழாய்களை ஜன்னல் வழியே உள்ளே விட்டு ஆட்கள் கம்பளங்களைச் சுத்தம் செய்வார்கள். 1902ல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது இந்த ஏற்பாடுதான். புகழ் வந்தது, கூடவே வழக்கும் வந்தது. வண்டியின் இரைச்சலில் வாடகைக் குதிரைகள் மிரண்டு ஓடுகின்றன என்று பூத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள்.

அந்தச் சத்தமாவது தெருவோடு நின்றது. அதை அறைக்குள் கொண்டுவந்தது இன்னொருவரின் தேவை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் ஊரில், ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்லர். ஆஸ்துமா நோயாளி. பெருக்கும்போது கிளம்பும் தூசி அவருக்கு மூச்சை அடைத்தது. 1907ல் ஒரு சின்ன மின்மோட்டார், ஒரு விசிறி, துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துத் தானே ஒரு கருவி செய்துகொண்டார். 1908 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டவர் தோல் பொருள் வியாபாரியான வில்லியம் ஹூவர். ஒரு தொழிலாளியின் நெஞ்சைக் காப்பாற்றப் பிறந்த அந்தக் கருவியில், உறிஞ்சும் வேலையைச் செய்த விசிறி சுத்தம் செய்பவரின் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. இந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் அது அங்கிருந்து நகரவில்லை.

வீட்டு வேக்குவம் கிளீனர் பெரும்பாலும் காதைச் செவிடாக்கும் அளவுக்குச் சத்தம் போடுவதில்லை. அதன் கெடுதல் வேறு. அது ஓடும்போது வாசல் மணி கேட்காது, தொட்டில் குழந்தையின் அழுகை கேட்காது, அடுத்த அறையில் வயதானவர் கூப்பிட்டால் கேட்காது. ஹோட்டல்களில் அறை அறையாகச் சுத்தம் செய்யும் பெண்கள் இந்த இரைச்சலுக்குள்ளேயே வேலை நேரத்தில் ஒரு பகுதியைக் கழிக்கிறார்கள். சுத்தத்துக்கு இதுதான் விலை என்று உலகம் நீண்ட காலம் ஏற்றுக்கொண்டிருந்தது. அப்படி ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை என்பதே இந்த உரையின் வாதம். சத்தத்தைக் குறைப்பதும் மின்சாரத்தைக் குறைப்பதும் இந்தக் கருவியில் ஒரே வேலைதான். அதற்கான ஆதாரங்கள் விசிறிக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் சத்தத்தின் தாய்வீட்டைப் பார்க்கலாம். கருவியைத் திறந்தால் உள்ளே இருப்பது சீலிங் ஃபேன் போன்ற இறக்கை அல்ல. இரண்டு அலுமினியத் தட்டுகளுக்கு நடுவே வளைந்த தகடுகளை வைத்துப் பிணைத்த, உள்ளங்கை அகலச் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். நடுவில் காற்றை வாங்கி, சுழற்சி வேகத்தில் விளிம்புக்கு வீசி எறியும். காற்று கிளம்பிய நடுவில் அழுத்தம் குறைகிறது, அதுவே உறிஞ்சல். நல்ல கருவி ஒன்று வாயை முழுக்க அடைத்த நிலையில் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இழுக்கும். இத்தனை சிறிய சக்கரம் இத்தனை இழுவையைத் தரவேண்டுமென்றால் ஒரே வழி அசுர வேகம். 10 சென்டிமீட்டர் அகலச் சக்கரம் நிமிடத்துக்கு 36,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 680 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்.

இந்த வேகத்தை எல்லா மோட்டாரும் தராது. வீட்டுக் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த வகை நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட முடியாது. அதனால்தான் கிரைண்டர் முனகலோடு நிறுத்திக்கொள்கிறது. மிக்ஸியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார், கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே ஓடுவது, மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் கணக்குக்குக் கட்டுப்படாதது. வயர் வைத்த வேக்குவம் கிளீனர்கள் பெரும்பாலானவற்றில் மிக்ஸியின் இந்த உறவுக்கார மோட்டார்தான் இருக்கிறது. பிரஷ் உரசும் ஓசையும் பேரிங் ஓசையும் அதோடு சேர்ந்து வருகின்றன. ஆனால் பெரிய பங்கு அவற்றுடையது அல்ல, காற்றுடையது.

காற்றின் சத்தம் இரண்டு வகை. ஒன்று 'ஹோ' என்ற பொதுவான இரைச்சல். தகடுகளை உரசி ஓடும் காற்று சுழித்து உடைவதால் வருவது. இன்னொன்று 'ஙீ' என்று காதைத் துளைக்கும் ஒற்றைச் சுதி. சக்கரத்தைச் சுற்றி அசையாத தகடுகள் கொண்ட ஒரு வளையம் உண்டு, டிஃப்யூசர் என்று பெயர். வெளியே சீறிவரும் காற்றின் வேகத்தை அழுத்தமாக மாற்றுவது அதன் வேலை. சுழலும் ஒவ்வொரு தகடும் நிற்கும் தகட்டைக் கடக்கும்போது காற்றில் ஒரு தட்டு விழுகிறது. நகராட்சிச் சங்கு ஊதுவதும் இதே முறையில்தான்: ஓட்டை போட்ட உருளை ஓட்டை போட்ட கூட்டுக்குள் சுழன்று காற்றை நறுக்குகிறது. ஊரை எழுப்ப வேண்டுமென்றே செய்யும் அந்த வேலையை வேக்குவம் கிளீனர் வேண்டாமலே செய்கிறது. 36,000 சுற்று என்றால் விநாடிக்கு 600. சக்கரத்தில் 9 தகடு என்றால் விநாடிக்கு 5,400 தட்டு. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த எல்லையை ஒட்டியே விழும் சுதி ஏன் இத்தனை தொந்தரவு என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

இவ்வளவு சத்தத்துக்கும் செலவாகும் சக்தி எவ்வளவு? கருவி மொத்தமாக வெளியிடும் ஒலி, அதாவது ஒலித்திறன், 80 டெசிபல் என்பது ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 900 வாட் கருவி தன் மின்சாரத்தில் 90 லட்சத்தில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்குகிறது. மிச்சமெல்லாம் காற்றோட்டத்திலும் வெப்பத்திலும் போகிறது. ஒலி என்பது ஒரு சிறு கசிவு. அந்தக் கசிவைத் தேடி அடைப்பதில்தான் பொறியாளரின் கைத்திறன் இருக்கிறது. அதைவிட நல்லது கசியும்படி விடாதது.

எங்கே தொடங்குவது? வேகத்தில். விசிறி விதிகள் இங்கே கருணை உள்ளவை. ஒரே சக்கரத்தின் சுழற்சி வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். பாதியெல்லாம் வேண்டாம், 20 சதவீதம் குறைத்தால் போதும்: சத்தத்தில் ஏறக்குறைய 5 டெசிபல் குறையும், சக்கரம் கேட்கும் சக்தி கிட்டத்தட்டப் பாதியாகும். உறிஞ்சும் அழுத்தம் மட்டும் 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இழந்த அந்த 36 சதவீதத்தை எங்கிருந்து மீட்பது என்பதுதான் கேள்வி.

பழைய வடிவமைப்புகளில் அது கண்ணெதிரே வீணாகிக்கொண்டிருந்தது. குழாயில் கூர்மையான திருப்பம், பை வாயில் கசிவு, அகலம் போதாத ஃபில்டர், தரையோடு பொருந்தாத முனை, சக்கரத்துக்குள் நுழையும் இடத்தில் காற்றை முட்டவைக்கும் விளிம்பு. இத்தனை தடைகளையும் மோட்டாரின் பலத்தால் தள்ளிக்கொண்டு போனார்கள். பாதையைச் சீராக்கினால் மெதுவாகச் சுழலும் சக்கரமே அதே தூசியை எடுக்கும். விசிறி எந்தக் காற்றோட்டத்தில் மிகத் திறமையாக ஓடுகிறதோ, பெரும்பாலும் அதே இடத்துக்குப் பக்கத்தில்தான் அது மிக அமைதியாகவும் ஓடும். சுழிப்பு குறைந்தால் வீணும் குறைகிறது, இரைச்சலும் குறைகிறது.

இதைச் சட்டத்தின் மூலம் செய்துகாட்டியது ஐரோப்பிய ஒன்றியம். அதன் 666/2013 எண் விதி, 2014 செப்டம்பர் 1 முதல் 1,600 வாட்டை எட்டும் வேக்குவம் கிளீனர்களுக்குச் சந்தையில் இடமில்லை என்றது. 2017 செப்டம்பர் 1 முதல் அந்த எல்லை 900 வாட் ஆனது. அதே நாளில் ஒலித்திறன் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்ற கட்டளையும் வந்தது. தரையில் எவ்வளவு தூசி எடுக்க வேண்டும் என்பதற்கும் குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். வாட்டும் சத்தமும் தூசியும் ஒரே விதிக்குள் கட்டப்பட்டன. 2014 ஆகஸ்டில் பிரிட்டனில் ஒரு பரபரப்பு எழுந்தது. பலமான கருவி வேண்டுவோர் தடைக்கு முன் வாங்கிவிடுங்கள் என்று 'விச்?' என்ற நுகர்வோர் அமைப்பே அறிவுறுத்தியது. வாட் அதிகமென்றால் சுத்தம் அதிகம் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. நம்பிக்கைதான் தவறு. வாட் என்பது கருவி எவ்வளவு மின்சாரம் சாப்பிடுகிறது என்பதன் அளவு. முனையில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது வேறு எண். விதி வந்தபின் ஐரோப்பியக் கடைகளில் 70 டெசிபலுக்குக் கீழே ஓடும் கருவிகள் வரிசையாக வந்தன. 

கருவியின் மேல் சத்தத்தின் எண்ணை அச்சடித்து ஒட்டும் முத்திரையும் 2014ல் நடைமுறைக்கு வந்தது. காலிப் பையோடு சோதிப்பது உண்மை நிலையைக் காட்டாது என்று டைசன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2018 நவம்பரில் முத்திரை விதியை ரத்து செய்தது. சோதனை பற்றிய அந்த ஆட்சேபம் நியாயமானது. தூசி நிறைய நிறையக் கருவியின் நடத்தை மாறும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் சத்தத்தின் எண் கடையில் கண்ணெதிரே இருந்த ஒரு வசதி அதோடு போனதில் வாங்குபவருக்கே நஷ்டம். 900 வாட், 80 டெசிபல் எல்லைகள் மட்டும் தொடர்ந்தன.

சுதிக்கு வருவோம். வேகத்தைக் குறைக்க முடியாத இடத்தில் பொறியாளர்கள் தகடுகளின் கணக்கில் கைவைக்கிறார்கள். சுழலும் தகட்டின் எண்ணும் நிற்கும் தகட்டின் எண்ணும் ஒன்றையொன்று வகுக்கும்படி இருந்தால் பல தட்டுகள் ஒரே கணத்தில் விழுந்து சுதி பலக்கும். 9 தகட்டுக்கு 18 தகட்டு வளையம் வைப்பது தவறு. பொது வகுத்தி இல்லாத எண்களைத் தேர்ந்தால் தட்டுகள் நேரத்தில் சிதறும். தகடுகளின் எண்ணிக்கை சுதியின் பரவலை எப்படித் தீர்மானிக்கிறது என்று டைலரும் சோஃப்ரினும் 1962ல் விமான எஞ்சின்களுக்காக எழுதிய ஆய்வு இந்தத் துறையின் அடிப்படை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களின் தூக்கத்துக்காகப் பிறந்த அறிவு, இன்று கூடத்தைப் பெருக்கும் கருவிக்கும் உதவுகிறது. சக்கரத்தின் விளிம்புக்கும் டிஃப்யூசருக்கும் நடுவே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினாலும் சுதி தணியும். கூடவே திறனில் சிறிது இழப்பு வரும், அந்தப் பேரத்தைப் பார்த்துத்தான் செய்யவேண்டும். தகடுகளைச் சமமற்ற இடைவெளியில் வைப்பது மற்றொரு முறை. மொத்தச் சத்தம் அதில் அதிகம் குறையாது, ஒற்றைச் சுதி பல சுதிகளாகப் பிரிந்துவிடும். மீட்டர் பெரிதாக எதையும் காட்டாமல் போகலாம், காது நன்றி சொல்லும்.

காதின் எல்லையையே பயன்படுத்திக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டைசன் 2016ல் வெளியிட்ட முடி உலர்த்தியின் மோட்டார் நிமிடத்துக்கு 1,10,000 சுற்று ஓடுகிறது. வழக்கமான 11 தகட்டுக்குப் பதில் 13 தகடு வைத்தார்கள். 11 என்றால் சுதி சுமார் 20,000 ஹெர்ட்ஸ், மனிதச் செவியின் விளிம்பு. 13 என்றால் 23,800ஐத் தாண்டுகிறது, மனிதருக்குக் கேட்காது. வீட்டு நாய்க்குக் கேட்கும், நாயின் செவி இன்னும் உயரே போகும். பிரஷ் இல்லாத சின்ன மோட்டார்களைக் கொண்ட பேட்டரி வேக்குவம் கிளீனர்களும் இதே திசையில் நடக்கின்றன. அதே நிறுவனம் 2018ல் கொண்டுவந்த வி10 மாடலின் மோட்டார் 1,25,000 சுற்று. செல்லப் பிராணிகளின் காதையும் சோதனைக்கூடம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது மிகையல்ல.

ஆந்தையிடமும் பாடம் இருக்கிறது. அது இரையின் மேல் ஓசையின்றி இறங்குவதற்கு மூன்று காரணங்களை 1934ல் ஆர். ஆர். கிரஹாம் என்பவர் எடுத்துக் காட்டினார்: சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல், பின்விளிம்பில் குஞ்சம், மேற்பரப்பில் மென்தூவி. பின்விளிம்பைப் பல் பல்லாக வெட்டிய விசிறிகளைக் கட்டடக் காற்றோட்டத் துறையில் ஜெர்மனியின் சீல்-அபெக் நிறுவனம் விற்கிறது. தூசி படியும் வீட்டுக் கருவியில் மென்தூவி நிலைக்காது. விளிம்பின் வடிவம் நிலைக்கும்.

சக்கரத்தில் செய்யவேண்டியதைச் செய்தபின்தான் உறை போடும் வேலை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மோட்டாரைச் சுற்றி ஸ்பாஞ்ச் திணித்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஸ்பாஞ்ச் ஒலியைக் குடிக்க அதன் தடிமன் ஒலி அலையின் நீளத்தில் கால்பங்கை நெருங்க வேண்டும். 5,400 ஹெர்ட்ஸ் சுதிக்கு ஒன்றரைச் சென்டிமீட்டர் போதும். 300 ஹெர்ட்ஸ் முனகலுக்கு 28 சென்டிமீட்டர் வேண்டும், கருவிக்குள் அவ்வளவு இடம் இருக்காது. அதனால் கீழ்ச் சுதிகளை ரப்பர் தாங்கியில் தடுக்கவேண்டும். மோட்டாரின் அதிர்வு பிளாஸ்டிக் உடலுக்குப் போகாமல் முன்னும் பின்னும் ரப்பர் வளையத்தில் அதை மிதக்கவிடுகிறார்கள். வெளியேறும் காற்றை நேரே விடாமல் ஸ்பாஞ்ச் ஒட்டிய வளைந்த பாதையில் சுற்றிவிட்டு, அகன்ற வாயால் மெதுவாக வெளியேற்றுகிறார்கள். இதில் ஒரு ஆபத்து உண்டு. பெரும்பாலான கருவிகளில் உறிஞ்சிய காற்றே மோட்டாரின் வழியாக ஓடி அதைக் குளிர்விக்கிறது. பாதையை நெருக்கினால் சத்தத்தோடு குளிர்ச்சியும் போய் மோட்டார் கருகும்.

டெசிபல் கணக்கின் கண்டிப்பையும் மறக்கக்கூடாது. விசிறி 78 டெசிபல், தரை முனை 70 டெசிபல் என்றால் மொத்தம் 78.6. முனையை முழுக்க ஊமையாக்கினாலும் 0.6தான் குறையும், யாருக்கும் தெரியாது. விசிறியை 68க்கு இறக்கினால் முனைதான் பெரிய குற்றவாளி ஆகிறது. அப்போது முனையைத் திருத்தவேண்டும். பலமானதை முதலில், அடுத்ததை அடுத்து. இந்த வரிசை தெரியாமல் செலவழித்த பணம் வீண்.

விளம்பர எண்களிலும் ஒரு மறைவு இருக்கிறது. கருவி மொத்தமாக எவ்வளவு ஒலியை வெளியிடுகிறது என்பது ஒலித்திறன். ஓரிடத்தில் வைத்த மைக்கில் எவ்வளவு விழுகிறது என்பது ஒலியழுத்தம். இரண்டுக்கும் டெசிபல் என்றே பெயர். தரையில் வைத்த கருவியைத் திறந்தவெளியில் ஒரு மீட்டர் தள்ளி அளந்தால், ஒலித்திறனைவிட 8 டெசிபல் குறைவான எண் வரும். ஒரு பெட்டியில் 80, மற்றொன்றில் 72 என்று எழுதியிருந்தாலும் இரண்டும் ஒரே அளவு கத்தலாம். எந்த அளவு, எவ்வளவு தூரத்தில் என்று சொல்லாத எண்ணை நம்பி விலை கொடுக்கக்கூடாது.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மை. கம்பளம் இல்லை, கனத்த திரைச்சீலைகள் குறைவு. டைல்ஸும் கிரானைட்டும் வெற்றுச் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி எறியும். கம்பளம் விரித்த ஐரோப்பிய அறையைவிட இங்கே அதே கருவி உரக்கக் கேட்கும். மறுபக்கம் ஒரு நன்மை: வழவழத் தரையிலிருந்து தூசியை எடுக்கக் கம்பளத்துக்கு வேண்டிய இழுவை வேண்டாம். வேகத்தைக் குறைக்கும் பொத்தான் உள்ள கருவியில் அதைப் பாதிக்குக் கீழே வைத்தே வேலை நடக்கும். மெத்தைக்கும் சோபாவுக்கும் மட்டும் ஏற்றினால் போதும்.

ஏற்கெனவே கருவி வைத்திருப்பவர்கள் அதன் சுதியைக் கவனிக்கலாம். ஓடும்போது ஓசை மெல்ல உயர்ந்துகொண்டே போனால், மோட்டார் திணறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். ஃபில்டரோ குழாயோ அடைத்துக் காற்று குறைந்ததால், சக்கரத்துக்குச் சுமை குறைந்து மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. சத்தம் கூடும், உறிஞ்சல் குறையும், குளிர்விக்கும் காற்றின்றி மோட்டார் சூடாகும். ஃபில்டரைத் தட்டி, கழுவக்கூடியது என்றால் கழுவி நன்றாக உலர்த்திப் போட்டால் சுதி பழைய இடத்துக்கு இறங்கிவிடும். கரகர என்ற உலோக ஓசை வந்தால் அது பேரிங். பொறி பறந்து கருகல் வாடை வந்தால் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டையும் மிக்ஸி பழுது பார்க்கும் கடையிலேயே மாற்றித் தருவார்கள். சத்தம் தாங்காமல் கருவியின் காற்று வெளியேறும் வாயில் துணி சுற்றுவதை மட்டும் யாரும் செய்யவேண்டாம்.

புதிதாக வாங்குபவர்கள் கடையில் இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். முனையைத் தரையில் வைத்து ஒருமுறை, குழாயைக் கையால் கொஞ்சம் மூடி ஒருமுறை, வேகத்தைக் குறைத்து ஒருமுறை கேட்கவேண்டும். பக்கத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பார்க்கவேண்டும். வாட் எத்தனை என்று கேட்கும் அதே மூச்சில் ஒலித்திறன் எத்தனை டெசிபல் என்றும் கேட்கவேண்டும். விற்பவருக்குத் தெரியாவிட்டால் கையேட்டின் பின்பக்கத்தைப் புரட்டச் சொல்லலாம். ஐரோப்பாவுக்கும் விற்கும் நிறுவனம் என்றால் அந்த எண் அதனிடம் கட்டாயம் இருக்கும்.